கைக்கடக்கக் கைகர் எண்ணி: யாழ்ப்பாணத்து வீட்டில் எதை அளக்கும், எதை அளக்காது

கதிர்வீச்சு மானி என்று ஒன்லைனில் தேடினால் இரண்டு வகைச் சாமான்கள் கலந்து வரும். இரண்டின் பெட்டியிலும் அதே மஞ்சள் கறுப்பு மூவிதழ்ச் சின்னம் இருக்கும். வாங்க முன்னர் திரையில் தெரியும் அலகைப் பாருங்கள். 'வோல்ற்று/மீற்றர்', 'மைக்குரோரெஸ்லா' என்று இருந்தால் அது மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அளப்பது. வயருக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ கிட்டப் பிடித்தால் எண் ஏறும். கதிர்த்தொழிற்பாட்டை அது அறியாது. 'மைக்குரோசீவேட்/மணி' (உடலுக்குக் கிடைக்கும் கதிரளவின் அலகு), 'சி.பி.எம்.' (நிமிடத்துக்கான எண்ணிக்கை) என்று இருந்தால்தான் அது கைகர் எண்ணி. இந்த மதிப்பீடு இரண்டாவது வகையைப் பற்றியது. எம்4011 அல்லது ஜே305 என்ற கண்ணாடிக் குழாய் பூட்டிய, சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி; ஒரே அமைப்பைப் பல பெயர்களில் விற்கிறார்கள். விலை பொதுவாக 50 முதல் 120 அமெரிக்க டொலர். தபால் செலவும் தீர்வையும் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் பழைய இரும்பு வாங்கி விற்கும் இடங்களுக்கும் இது கொடுத்த காசுக்குப் பெறுமதியான சாமான். புற்றுநோய்ப் பயத்தில் வீட்டுக்கு வாங்க நினைப்பவருக்கு இதனால் கிடைப்பது குறைவு. இங்கே புற்றுநோயைக் கொண்டுவரும் பெரிய காரணங்களில் ஒன்றையும் இது காட்டாது. ஆனால் ஒரு வேலையை இது மிக நன்றாகச் செய்கிறது. 'கதிர்வீச்சிலிருந்து காக்கும்' என்று விற்கப்படும் பதக்கங்களில் எது தானே கதிர்வீசுகிறது என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

குழாயும் அதன் குறைகளும்

குழாய் பென்சில் தடிப்புத்தான். உள்ளே குறைந்த அமுக்கத்தில் நியோன் வாயுவும் சிறிதளவு அலசனும் அடைக்கப்பட்டிருக்கும். நடுக்கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 400 வோல்ற்று அழுத்தம். காமாக் கதிரோ பீற்றாத் துணிக்கையோ புகுந்து வாயுவை அயனாக்கினால் ஒரு மின்துடிப்பு, ஒரு 'டிக்' சத்தம். அல்பாத் துணிக்கை கண்ணாடியைக் கடக்காது. ஆகவே அல்பா மட்டும் வீசும் பொருளுக்கு முன்னால் இந்தக் கருவி பேசாமல் இருக்கும்.

கருவி உண்மையில் அளப்பது நிமிடத்துக்கு எத்தனை டிக் என்பதைத்தான். மைக்குரோசீவேட் என்று திரையில் வருவது அந்த எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கிய கணக்கு. எம்4011 குழாய்க்குப் பெரும்பாலும் 0.0065 என்று போட்டிருப்பார்கள். அந்த வகை மாறிலிகள் சீசியம்-137 போன்ற, காமாக் கதிர் வீசும் பொருள் ஒன்றை வைத்துக் கணிக்கப்படுபவை. பீற்றா வீசும் ஒரு பொருளில் குழாயை ஒட்டி வைத்து, திரையில் வரும் மைக்குரோசீவேட்டை உடலுக்குள் போகும் கதிரளவு என்று எடுத்துக்கொண்டால் கணக்குப் பிழைக்கும். பொருட்களை ஒப்பிட நிமிட எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். மைக்குரோசீவேட்டைப் பின்னணிக்கு, அதாவது சூழலில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சின் அளவுக்கு மட்டும் பாருங்கள்.

எங்கள் காலநிலையில் மூன்று இடைஞ்சல்கள் வரும். முதலாவது வெயில். கண்ணாடிக் குழாய் ஒளி புகவிடும். கருவியின் உறையில் உள்ள துளைகள் வழியே நேர் வெயில் குழாயில் பட்டால் ஒளியே மின்துடிப்பைக் கிளப்பி எண்ணிக்கையை ஏற்றிவிடும். பங்குனி, சித்திரை மதிய வெயிலில் முற்றத்தில் வைத்து அளந்து 'யாழ்ப்பாணத்தில் கதிர்வீச்சு அதிகம்' என்று படம் போடுபவர்கள் பலர் இதைத்தான் அளக்கிறார்கள். நிழலில், கறுப்புத் துணி ஒன்றால் மூடி அளந்தால் எண் தானே இறங்கும்.

இரண்டாவது உப்பு ஈரம். 400 வோல்ற்று ஓடும் சுற்றில் ஈரமும் உப்பும் படிந்தால் மின் கசியும். சில நேரம் எண்ணிக்கை கண்டபடி எகிறும், சில நேரம் நின்றேவிடும். கரையோர வீடுகளில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பது அவசியம். மூன்றாவது சார்ஜர். சார்ஜ் ஏறும்போது அளக்க வேண்டாம். மலிவான சார்ஜரின் மின்னிரைச்சல் சில கருவிகளில் எண்ணிக்கையாகப் பதிந்துவிடும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று பெட்டியில் எழுதப்படுவதில்லை. ஒரு துடிப்புக்குப் பிறகு குழாய் அடுத்ததை ஏற்க ஒரு சிறு நேரம் எடுக்கும். கதிர்வீச்சு மிகப் பலமாக இருந்தால் அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, எண்ணிக்கை ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். சுழியம் வரைகூடப் போகலாம். கிட்டப் போகப் போக எண் ஏறி, பின் திடீரென்று விழுந்தால் கருவி பழுது என்று நினைத்து இன்னும் கிட்டப் போகக் கூடாது. உடனே பின்வாங்க வேண்டும்.

அளக்கும் முறை

ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முடிவு கட்டுவதுதான் எல்லாரும் விடும் பிழை. கதிர்த்தொழிற்பாடு எழுந்தமானமாக நடப்பது. நிமிடத்துக்குச் சராசரி 25 டிக் வரும் இடத்தில் ஒரு நிமிடம் 18உம் அடுத்த நிமிடம் 33உம் வருவது இயல்பு. எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் தடுமாற்றம். 25க்கு 5, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பத்து நிமிடம் எண்ணி 250 வந்தால் தடுமாற்றம் ஏறத்தாழ 16. இப்போது அது நூற்றுக்கு ஆறுதான்.

ஆகவே முதலில் பின்னணி. கருவியை மேசை உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி வைத்து, பத்து நிமிட மொத்தத்தை எழுதுங்கள். இதே இடத்தில் மூன்று தடவை செய்யுங்கள். பின்னர் சோதிக்க வேண்டிய பொருளை ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டு, குழாய் இருக்கும் பக்கத்தோடு ஒட்டி வையுங்கள். குழாய் பெரும்பாலும் கருவியின் பின்பக்கத்தில், துளைகள் உள்ள இடத்தில் இருக்கும். அதே பத்து நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மொத்தங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, மூன்றால் பெருக்குங்கள். இரண்டு மொத்தங்களுக்கும் இடையிலான வித்தியாசம் அதைவிடக் கூடவாக இருந்தால் மட்டுமே 'இதில் ஏதோ இருக்கிறது' என்று சொல்லலாம். பின்னணி 220, பொருளோடு 245 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 465, வர்க்கமூலம் 21.6, மூன்று மடங்கு ஏறத்தாழ 65. வித்தியாசமோ 25. அந்தப் பொருளில் எதுவும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

எண் தெளிவாகக் கூடினால் இன்னொரு படி உண்டு. ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள புத்தகத்தைப் பொருளுக்கும் கருவிக்கும் நடுவில் வையுங்கள். அதே தூரத்தில் புத்தகம் இல்லாமலும் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். தூரமும் எண்ணைக் குறைக்கும் என்பதால் இந்த ஒப்பீடு இல்லாமல் பயனில்லை. புத்தகத்தால் எண்ணிக்கை பெருமளவு விழுந்தால் வந்தது பெரும்பாலும் பீற்றா. கொஞ்சம்தான் விழுந்தால் காமா.

வீட்டைச் சுற்றி

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் யுரேனியமும் தோரியமும் பொற்றாசியமும் குறைவு, கருங்கல்லில் கூட. இந்த வகைக் குழாய்க்கு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரையான பின்னணி வழமையானது. மணிக்கு 0.10 மைக்குரோசீவேட் என்று வந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.88 மில்லிசீவேட். ஐ.நா. விஞ்ஞானக் குழுவின் கணக்கில் உலகச் சராசரியாக விண்வெளியிலிருந்து 0.39, நிலத்திலிருந்து 0.48. கூட்டினால் கிட்டத்தட்ட அதே அளவு. நிலத்திலிருந்து கசிந்து மூச்சோடு உள்ளே போகும் ரேடன் வாயுவும் உணவும் சேர்ந்தால் இயற்கையாக மனிதருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட். அதில் பாதிக்கு மேல் ரேடன்.

ரேடனை இந்தக் கருவியால் அளக்க முடியாது. அதற்கு வேறு உணரி வேண்டும். சிகரெட்டுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் அது என்பதால் உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் ஒரு கனமீற்றருக்கு 100 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது விநாடிக்கு ஓர் அணுச் சிதைவு) என்று வழிகாட்டி அளவு வைத்திருக்கிறது. குளிர்நாடுகளில் நிலக்கீழ் அறையும் மூடிய யன்னலுமாக வாழ்பவர்களுக்கு அது பெரிய பிரச்சினை. திண்ணையும் முற்றமும் எதிரெதிர் யன்னலும் உள்ள வீட்டில் காற்றோட்டமே மருந்து. ஏ.சி. போட்டு இரவு பகலாய் மூடிவைக்கும் புது வீடுகளில் காலையும் மாலையும் யன்னலைத் திறந்துவிட வேண்டும்.

புது வீட்டுக் குசினிகளில் கிரனைட் பலகை போடுகிறார்கள். கருவியை அதன்மேல் வைத்தால் எண் சற்று ஏறலாம். கல்லைப் பொறுத்து ஏறாமலும் விடலாம். ஒரு மீற்றர் தள்ளி நின்றால் வித்தியாசம் மறைந்துவிடும். அதற்காகக் கல்லைக் கழற்றத் தேவையில்லை.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களிடம் மலிவான வழி இருக்கிறது: வெங்காயச் செய்கைக்கும் மரக்கறிக்கும் போடும் எம்.ஓ.பி. பசளை. அது பொற்றாசியம் குளோரைட்டு. எந்தப் பொற்றாசியத்திலும் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 31 பெக்கரல் பொற்றாசியம்-40 இயற்கையாகவே இருக்கும். பசளையில் ஒரு கிராமுக்கு 16 அளவில் வரும். ஒரு கிலோ பசளையைப் பையில் கட்டி, குழாயை ஒட்டி வைத்துப் பத்து நிமிடம் எண்ணினால் பின்னணியைவிடக் கூடுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குழாய் செத்திருக்கலாம், அல்லது குழாய் இல்லாத பக்கத்தை ஒட்டி வைத்திருக்கலாம். பசளைக்குப் பயப்பட எதுவும் இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலிலேயே 4,000 பெக்கரல் அளவு பொற்றாசியம்-40 எப்போதும் உண்டு. வாழைப்பழத்தாலும் இளநீராலும் அது கூடிக்கொண்டே போகாது. மிஞ்சும் பொற்றாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

அடுத்தது பெற்றோமக்ஸ் விளக்கில் ஒளிரும் வலைப்பையான மென்டில். பரணில் பழைய பெற்றோமக்ஸும், பிரிக்காத மென்டில் பைக்கற்றுகளும் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. பழைய வகை மென்டிலின் சாம்பலில் 99 சதவீதம் தோரியம் ஒட்சைட்டு. வெள்ளை வெளிச்சம் அதனால்தான் கிடைத்தது. இப்போது வருபவற்றில் பலது இற்றியம் சேர்த்தவை. கருவிக்கு முன்னால் அவை சும்மா கிடக்கும். தோரியம் உள்ளதை வைத்தால் டிக் சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து இரையும், எண்ணிக்கை பின்னணியைப் பல மடங்கு தாண்டும். பைக்கற்றுக்குள் கிடக்கும் மென்டிலால் வீட்டாருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து அதன் சாம்பலில். எரித்த மென்டிலை ஊதி உடைப்பது, தூளை வெறுங்கையால் தட்டுவது, சின்னப் பிள்ளைகளை விளையாட விடுவது மூன்றும் கூடாது. அல்பா வீசும் தூள் நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்துத் துணியோடு பையில் கட்டுங்கள்.

தோரியம் எங்களுக்கு அந்நியமான உலோகம் இல்லை. தோரியம் செறிந்த தோரியனைட் என்ற கனியத்தை இலங்கையில் 1904இல் கண்டறிந்தவர், பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்தக் குமாரசுவாமி. புல்மோட்டைக் கனிய மணலில் உள்ள மொனசைற் என்ற கனியத்திலும் தோரியம் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மொனசைற் மணலின்மேல் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களை நீண்டகாலம் தொடர்ந்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை. 

அந்த மொனசைற்றைத் தூளாக்கி வட்டமாக அழுத்தி, கழுத்தில் தொங்கவிட விற்கிறார்கள் என்பதுதான் கோபம் வரும் விஷயம். 'குவாண்டம்', 'ஸ்கேலர் சக்தி', 'நெகற்றிவ் அயன்' என்று பெயர். எரிமலைத் தாது என்பார்கள். 5ஜியைத் தடுக்கும், புற்றுநோய் வராது, சீனி குறையும் என்பார்கள். விற்பவர் ஒரு சின்ன அயன்மானியைப் பக்கத்தில் பிடித்து எண் ஏறுவதைக் காட்டுவார். எண் உண்மையிலேயே ஏறும்: பதக்கத்திலிருந்து வரும் கதிர்வீச்சு காற்றை அயனாக்குகிறது. அவர் நன்மை என்று காட்டுவது அதன் கதிர்த்தொழிற்பாட்டையே. கைகர் எண்ணியை அதே பதக்கத்தில் வைத்தால் மென்டிலில் வந்த அதே இரைச்சல் வரும்.

2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை இப்படிப்பட்ட 10 பொருட்களின் பெயரை வெளியிட்டு, அணிவதை உடனே நிறுத்தும்படி அறிவித்தது. பதக்கங்களோடு ஒரு கண்மூடியும் பிள்ளைகளுக்கான கைச்சங்கிலியும் அந்தப் பட்டியலில் இருந்தன. நெடுங்காலம் இரவு பகலாக அணிந்தால் தோலுக்குக் கேடு வரலாம் என்பது அவர்களின் முடிவு. எல்லாப் பதக்கமும் கதிர்வீசுவதில்லை. சில வெறும் கண்ணாடியும் இரும்புத் தூளும்தான், அவற்றால் காசுதான் நட்டம். எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. இந்தக் கருவி பிரித்துவிடும். ஊருக்கு ஒரு வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஒன்று இருந்து, சனங்கள் கொண்டுவந்து சோதித்துப் போகக்கூடியதாக இருந்தால் அதுவே போதும்.

வீட்டில் கதிர்வீசும் பதக்கம் ஒன்று அகப்பட்டால் உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள், கிணற்றுக்குள் போடாதீர்கள். இரண்டு பையில் கட்டி, படுக்கும் இடத்திலிருந்து தள்ளி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு அறிவியுங்கள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கதிர்வீச்சுப் பொருட்களுக்குப் பொறுப்பான நிறுவனம் அது.

போனுக்கும் கோபுரத்துக்கும் இந்தக் கருவி உதவாது

2019இல் யாழ் மாநகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நட்டபோது எழுந்த 5ஜிப் பயத்தில் பலர் முதன்முதலாகக் கதிர்வீச்சு மானி தேடினார்கள். கைகர் எண்ணியைக் கோபுரத்தடியில் பிடித்தால் பின்னணி எண்தான் வரும். அதை வைத்து 'பாருங்கள், ஒன்றுமில்லை' என்று சொல்வதும் பிழை, 'பாருங்கள், 25 காட்டுகிறது' என்று சொல்வதும் பிழை. வெப்பமானியை வைத்துக் கிணற்று நீரின் உப்பை அளப்பது போன்றது இது. போன் அலையால் அணுவை அயனாக்க முடியாது. உடலில் சிறிதளவு சூட்டை ஏற்றவே முடியும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் வானொலி அலைவரிசைப் புலங்களை 2பி தொகுதியில், அதாவது 'சாத்தியம் இருக்கலாம், சான்று மட்டுப்பட்டது' என்ற இடத்தில் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்வித்து 2024இல் வெளியான விரிவான மீளாய்வு, கைப்பேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆனாலும் அலையைக் குறைக்க விரும்புபவருக்குச் செலவில்லாத வழிகள் உண்டு. போனைக் காதில் அழுத்தாமல் ஸ்பீக்கரில் அல்லது வயர் இயர்போனில் பேசுங்கள். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில் நெடுநேரக் கதை வேண்டாம். கோபுரத்தை எட்ட முடியாதபோது போன் தன் சக்தியைக் கூட்டும். போனின் பின்னால் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கரும் இதனால்தான் கேடு: சிறிய துண்டு அலையைத் தடுக்காது, அன்ரெனாவை மறைத்தால் சிக்னல் குறைந்து போன் இன்னும் பலமாக அனுப்பும். சில ஸ்டிக்கர்களில் அதே தோரியத் தூள் இருக்கும். அதைக் கருவியில் பிடித்துப் பாருங்கள்.

எக்ஸ்றேயும் சி.ரி.யும்

அன்றாட வாழ்வில் கதிரளவு கூடுவது பெரும்பாலும் இங்கேதான், அதையும் இந்தக் கருவியால் அளக்க முடியாது. எக்ஸ்றே துடிப்பு ஒரு கணத்தின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். குழாய் அதை ஓரிரு டிக்காகவே பதியும். எக்ஸ்றே அறையில் கருவியைப் பிடித்துப் 'பாதுகாப்பு' என்று முடிவு கட்டக் கூடாது.

மனதில் வைத்திருக்க வேண்டிய எண்கள் சில. பல் எக்ஸ்றே ஒன்று 0.005 மில்லிசீவேட் அளவு. நெஞ்சு எக்ஸ்றே ஒன்று 0.02 முதல் 0.1 வரை. மார்பக மமோகிராம் 0.4 அளவு. தலை சி.ரி. 2, வயிற்று சி.ரி. 8 முதல் 10 வரை. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் அயனாக்கும் கதிர் சுழியம். பாதுகாப்புத் துறையில் பயன்படும் கணக்கின்படி ஒரு சீவேட்டுக்குப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம் கூடுகிறது. அப்படிப் பார்த்தால் 10 மில்லிசீவேட் தரும் ஒரு சி.ரி.க்கு 2,000 பேரில் ஒருவர். தலையில் அடிபட்டு வாந்தி எடுப்பவருக்கு அந்த சி.ரி. உயிர் காக்கும், யோசிக்கவே கூடாது. நெடுநாள் தலையிடிக்கு 'ஒருக்கா எடுத்துப் பார்ப்பம்' என்று நோயாளியே தனியார் நிலையத்தில் போய் நிற்பதுதான் தவிர்க்க வேண்டியது.

செய்யக்கூடியவை எளிமையானவை. பழைய படங்களையும் சி.டி.யையும் அறிக்கையையும் ஒரு பெரிய உறையில் திகதிப்படி வைத்து, அடுத்த வைத்தியரிடம் கொண்டுபோங்கள். படம் தொலைந்ததால்தான் பலருக்கு இரண்டாவது தடவை எடுக்கிறார்கள். பிள்ளைக்கு என்றால் 'அல்ட்ராசவுண்ட் போதாதா?' என்று கேளுங்கள். பிள்ளையின் கலங்கள் வேகமாகப் பிரிவதாலும் முன்னால் நீண்ட ஆயுள் இருப்பதாலும் அதே அளவு கதிர் பிள்ளைக்குக் கூடிய பாதிப்பைத் தரும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே அறைக்குள் போக முதல் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், வீடுகளில் மனதைப் புண்படுத்துவது. தெல்லிப்பழையிலோ மஹரகமவிலோ வெளியிலிருந்து கதிர்ச்சிகிச்சை எடுத்துவிட்டு வரும் அம்மாவிடமிருந்து பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்கிறார்கள், தட்டைப் பிரிக்கிறார்கள். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடலில் எதுவும் மிஞ்சாது. பிள்ளை மடியில் ஏறலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். கருவி கையில் இருந்தால் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பின்னணி எண்தான் வரும், அந்த ஒரு காட்சிக்காகவே கருவிக்குக் கொடுத்த காசு தகும். தைரொயிட்டுக்குக் கதிர்வீசும் அயடீன் குடித்தவர்களும், உடலுக்குள் ஊசியால் கதிர்ப்பொருள் ஏற்றி ஸ்கான் எடுத்தவர்களும் வேறு. அவர்களிடமிருந்து சில மணியோ சில நாளோ கதிர் வரும், கருவி சத்தமிடும். எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும் என்று வைத்தியசாலை தரும் அறிவுறுத்தலை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும்.

கருவி காட்டாத புற்றுநோய்

புகையிலை இலையில் பொலோனியம்-210 உண்டு. காற்றிலிருந்து படியும் ரேடன் வழித்தோன்றல்களும், பொசுபேற்றுப் பசளையில் உள்ள யுரேனியத் தொடரும் அதற்குக் காரணம். அது அல்பா வீசுவது, அளவும் சிறியது. சுருட்டை ஒட்டி வைத்தாலும் கருவியில் எண் அசையாது. ஆனால் புகையோடு உள்ளே போய் மூச்சுக்குழாய்க் கிளைகளில் படிகிறது. புகையில் உள்ள மற்ற நச்சுகளோடு பார்க்கையில் அது ஒரு பங்குதான்.

வெற்றிலையும் அப்படித்தான். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், தனிப் பாக்கும்கூட சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதலாம் தொகுதியில் இருக்கின்றன. பிளூற்றோனியம் இருப்பதும் அதே தொகுதியில்தான். 'நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்' என்பது பாதுகாப்பு இல்லை. மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைத் திறந்து, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, ஈறு என்று பாருங்கள். சுரண்டிப் போகாத வெள்ளைப் படலம், வெல்வெற்றுப் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால் பல் வைத்தியரிடம் போங்கள். மூன்று விரலை நிறுத்தி வாய்க்குள் வைக்க முடியாமல் வாய் திறப்புக் குறைந்திருந்தால் அதுவும் பாக்கின் வேலைதான். உறைப்புச் சாப்பிட எரிவது அதன் முதல் அறிகுறி.

கருவிக்கு வைத்திருந்த காசில் கிணற்று நீரின் நைத்திரேற்றைச் சோதிப்பது கூடுதல் பயன். தோட்டச் செய்கை செறிந்த பகுதிகளில் யூரியாவும் மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாக நிலக்கீழ் நீரில் நேராகச் சேர்கின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் நீர் என்றால் சோதிக்காமல் விடக் கூடாது.

பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் ஆறாம் ஆண்டில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையில் இலவசமாகப் போடப்படுகிறது. 35, 45 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசம். வெட்கத்தில் போகாமல் விடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

யார் வாங்கலாம்

உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கும் பாடசாலை கட்டாயம் ஒன்று வாங்கலாம். பசளைப் பையும் பழைய மென்டிலும் போதும். தூரத்தை இரட்டித்தால் எண் எப்படி விழுகிறது, வர்க்கமூலத் தடுமாற்றம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கையால் செய்து பார்க்கலாம். கணினிக்கு எண்களை அனுப்பும் யூ.எஸ்.பி. வசதியும், பத்து நிமிட மொத்தத்தைச் சேமிக்கும் வசதியும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். மொத்த எண்ணிக்கை காட்டாமல் சராசரி மைக்குரோசீவேட் மட்டும் காட்டும் மாதிரிகளை எடுக்க வேண்டாம். மேலே சொன்ன கணக்கு எதையும் அதில் செய்ய முடியாது. சான்றிதழோடு அளவுத்திருத்தம் தேவைப்படும் நிறுவனங்கள் ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்திச் சபையை அணுகலாம்.

பழைய இரும்புக் கடைகளுக்கு இது இன்னும் அவசரம். 1987இல் பிரேசிலின் கொயானியா நகரில் கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரத்தின் சீசியம்-137 உறையை இரும்புக்காக உடைத்தார்கள். நீலமாய் ஒளிர்ந்த தூளைப் பிள்ளைகள் உடம்பில் பூசினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஒன்று ஏலம்விட்ட பழைய கருவியின் கோபால்ற்று-60 பழைய இரும்புச் சந்தைக்குப் போய் ஒருவரைக் கொன்றது. லொறி உள்ளே வர முதல், நிமிடத்துக்கு 100 என்று அலாரம் வைத்து, பெட்டியின் இரு பக்கமும் மெதுவாக ஒரு சுற்று வர வேண்டும். ஈயத்தால் வார்த்த, அளவுக்கு மீறிப் பாரமான உருளை, மூவிதழ்ச் சின்னம் தேய்ந்த பெட்டி, பூட்டிய உருக்குக் கோளம் எதுவாயினும் வெட்டவோ அடிக்கவோ கூடாது. அலாரம் அடித்தால் லொறியை அங்கேயே விட்டு, ஆட்களை 30 மீற்றருக்கு அப்பால் நிறுத்தி, எவரையும் கிட்ட விடாமல் பொலிசுக்கும் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கும் அறிவியுங்கள். சாமானைத் தொட்டவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, அதுவரை எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.